வெட்ட வெட்ட வகுபடாத எண்

என் அக்கா பெற்ற கணக்கு டீச்சருக்கு,

நீ சொன்ன 73939133-ஐத் தட்டாஞ்சாவடி முழுக்கப் பரப்பிவிட்டேன். கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டினாலும், மிச்சம் ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாது. நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். பட்டறை முதலாளி எழுந்து நின்று கைகொடுத்தார்.

அப்போதுதான் பட்டறைப் பையன் ராஜ்கமல் உன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினான்.

"இன்னாண்ணே, தாய்மாமன் பேரையே காணல?"

"பிரஸ்காரன் தப்புடா."

உன் அப்பா பேச்சைக் கேட்டு என்னை வெட்டிவிட்டாய். குடும்பம் உடையாது, சரி. வெட்டிய அந்தக் கடைசி மூன்று எங்கே போய் நிற்கும் என்று சொல்லித்தரவில்லையே!

மாமன் மாலை சொல்லிவிட்டேன், வீராம்பட்டினம் தேருக்குப் போடுகிற அளவு. மண்டபத்துக்குள் வரமாட்டேன். தாலி ஏறுமுன் வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டிவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் ஒரே மாமன்