அமாவாசை மேட்னி

காஞ்சிபுரம்,
2-1-1969

பம்பாய் போன என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் காகிதம் வந்தது. வருஷம் முழுக்க நான் சினிமா, நாகஸ்வரம், கதைப்புத்தகம் என்று கூத்தடிப்பதாக உங்கள் சிநேகிதர் அப்பாதுரை எழுதினாராம். ஆமாம், அனுபவித்தேன். அதற்கென்ன?

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டுமே; தறியில் மறுகரைக்கு நீங்கள் நாடா எறிந்த இடத்தில் இப்போது உங்கள் அம்மா உட்காருகிறார். இழை அறுந்தால் அவர் முடிபோடுவார். அதற்குள் நான் தொடர்கதையில் ஒரு பத்தி உரக்கப் படிப்பேன். பங்குனியில் சாமி புறப்பாட்டோடு நடந்து நான்கு வீதியும் நாகஸ்வரம் கேட்டோம். தப்பா?

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு மேட்னி. கூட வந்தது யார் என்று அப்பாதுரை எழுதவில்லையா? உங்களைப் பெற்ற தாய்தான்! நீங்கள் அங்கே யாரோடு சினிமா பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டேனா?

ஒரு படத்தையும் நாங்கள் முடிவு வரை பார்த்ததில்லை. எல்லாம் பிரிந்துபோன குடும்பக் கதைதானே! கடைசி ரீல் தொடங்கியதும் உங்கள் அம்மா என் கையைப் பிடித்து இழுப்பார்.

"எழுந்துருமா, போலாம். இப்ப அந்தப் புருஷன்காரன் திரும்பி வந்துடுவான். அத வேற நாம பாத்துக்கினு இருக்கணுமா?"

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்