தட்டு வராத சித்திரை

மேசைமேல் விடைத்தாள்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் திருத்திவிட்டேன், ஒன்றைத் தவிர. கேள்வி நான் வருடா வருடம் கேட்பதுதான். நண்பனை விருந்துக்கு வரச் சொல்லிவிட்டு ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அது ஒப்பந்த மீறலா? மீறல் இல்லை, நட்பில் பேசுகிறவர்களுக்குச் சட்டத்துக்குக் கட்டுப்படும் எண்ணம் கிடையாது என்று எழுதினால் முழு மதிப்பெண். எம்.பி.ஏ. முதல் வருடப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாள்: 'கூப்பிட்டவர் யார், வந்தவர் யார் என்று தெரியாமல் சொல்ல முடியாது.' அதற்குக் கீழே ஒரு வரி இல்லை. சைபர் போடப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. உன் நினைப்பு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

நீ போய்விட்டாய் என்று உன் மகள் போன் செய்து எட்டு நாளாகிறது. நான் வரவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். உன் ஊர்ப்பக்கம் போகும் வேதாரண்யம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கே வந்து என்ன முகத்தோடு நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அது கிளம்பிவிட்டது. அடுத்த பஸ் அரைமணி நேரத்தில் என்றார்கள். அந்த அரைமணியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இறந்தவனுக்குக் கடிதம் எழுதினால் போய்ச் சேருமா என்று மாணவர்கள் கேட்டால் எந்தப் பிரிவைச் சொல்வேனோ தெரியாது.

ஐந்தாம் வகுப்பு வரை நீ என்னை 'வாடா' என்றாய். படிப்பை நிறுத்தி உன் அப்பாவின் ஏரைப் பிடித்ததும் 'வாங்க' என்றாய். நான் மட்டும் கடைசிவரை உன்னை 'வாடா' என்றேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, உன் குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. சித்திரை முதல் தேதி குத்தகைக்காரர்கள் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான், அடுத்த சித்திரை வரை குத்தகை உறுதி. இருவரும் குத்தகை என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார்கள். பி.காம். இரண்டாம் வருடத்தில் முன்மொழிவு, ஏற்பு என்று படித்தபோது எனக்கு அந்த வெற்றிலைதான் ஞாபகம் வந்தது. நடத்தையால் உண்டாகும் ஒப்பந்தம் என்று வகுப்பில் நான் எழுந்து சொல்லி, பாராட்டும் வாங்கினேன்.

அந்தப் பாராட்டுதான் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். அது ஊரெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். ஆட்சி மாறியிருந்தது. டீக்கடையில் நில உச்சவரம்பைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. ஒரு தெருவில் சிவப்புக் கொடி, அடுத்த தெருவில் கறுப்பு சிவப்பு. குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டமும் வந்திருந்தது. பங்குனிக் கடைசியில் விடுமுறைக்கு வந்தவன் நேராக வயலுக்கு வந்தேன். நீ உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தாய்.

"இந்த வருஷம் தட்டைத் தூக்கிக்கிட்டு வராதேடா," என்றேன். "நீ வந்து நின்னா, அப்பா குடுத்து நீ வாங்கறதா ஆயிடும். சட்டம் உனக்கு உரிமையை ஏற்கெனவே குடுத்தாச்சு. பேசாம பதிவுக்கு மனு போடு."

நீ செடியை உதறிக்கொண்டே கேட்டாய்: "ஐயா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?"

"நான் இருக்கேன்ல," என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை எந்தத் தலைப்பில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உத்தரவாதமா? முகவர் கொடுத்த வாக்கா? இருபது வயதுப் பையனின் வாய்க்கொழுப்பா? மூன்றாவதுதான் என்று பல நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது.

சித்திரை முதல் தேதி நான் வீட்டில்தான் இருந்தேன். இது உனக்குத் தெரியுமா? அப்பா குளித்து விபூதி பூசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டுகள் வந்தன, போயின. வெயில் ஏறிய பிறகு, "அவன் எங்கே காணோம்?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நான்தான் வர வேண்டாம் என்றேன் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அடித்தேகூட இருப்பார். மாலையில் நீயே வந்து பேசிவிடுவாய் என்று நினைத்தேன். நான் பேசிவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். மூன்றாம் நாள் வேறொருவர் தட்டோடு வந்தார். அப்பா வெற்றிலையைக் கிள்ளினார்.

"வேணாங்கறவனைக் கட்டியா வைக்க முடியும்?" என்றார். நிஜமாகவே உனக்கு நிலம் வேண்டாம் என்று நினைத்தாரா, நான் சொன்னபடி நீ மனு போட்டுவிட்ட கோபத்தில் இதைச் சாக்காக வைத்துக்கொண்டாரா? அவரிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு வருவதற்குள் அவரும் போய்விட்டார்.

உன் வயலில் அடுத்தவர் ஏர் இறங்கியதும் சண்டை வந்தது. உன் மனுமேல் விசாரணைக்குத் தாசில்தாரே ஊர்ச் சாவடிக்கு வந்தார். ஒரு பக்கம் அப்பா, எங்கள் நிலபுலனைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர், நான். எதிர்ப்பக்கம் நீ, உன் பின்னால் உன் தெரு முழுக்க.

"குத்தகையை நீயே விட்டுட்டேன்னு அவங்க சொல்றாங்க. வருஷா வருஷம் வர்றவன் இந்த வருஷம் ஏன்பா வரலை?" என்று கேட்டார் தாசில்தார்.

"வர வேணாம்னு வீட்டுலேர்ந்து சொன்னாங்க."

"வீட்டுலேர்ந்துன்னா யாரு?"

நீ என்னைப் பார்த்தாய். "தம்பிதான் சொன்னாங்க. காரியக்காரர் வந்து ஒண்ணு சொன்னா அது ஐயா சொன்ன மாதிரின்னு கேட்டுக்கறோம். பெத்த புள்ள சொன்னா அதுக்கும் மேலதானேங்க?"

இதைவிடத் தெளிவாக முகமைச் சட்டத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. ஒருவரை இன்னொருவருடைய ஆள் என்று வெளியார் நம்பும்படி நடக்க விட்டால், பிறகு 'அவன் என் ஆள் இல்லை' என்று கைகழுவ முடியாது. அதை நீ உளுந்து வயலிலிருந்து வந்து சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு!

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்பா சொல்லச் சொல்லிச் சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியின் பூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நட்புல சொன்னது சார்," என்றேன்.

பக்கத்தில் இருந்த குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. அதுதான் என் தொல்லையே. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஆனால் அதை எழுதி முடித்ததும் உன் ஆறு மா உன் கையைவிட்டுப் போயிற்று. வீட்டார் யாரும் தடுக்கவில்லை, நீயாகவே விட்டாய் என்று மனு தள்ளுபடியானது. வீட்டுக்காக நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அது பொய்யா? நான் பெரிய வீட்டுப் பையன் என்பதால்தானே நீ நம்பினாய்? அப்படியானால் எது பொய்?

சாவடிப் படியிறங்கும்போது என் அருகில் நின்றாய். "அத்தனை பேர் முன்னாடி நட்புன்னு சொன்னீங்களே, அது போதும்," என்றாய். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய்.

குத்திக்காட்டினாயா? நிஜமாகவே அப்படி நினைத்தாயா? அந்தக் காலத்தில், அந்தச் சாவடியில், நிலத்துக்காரர் வீட்டுப் பையன் உன் தெரு ஆள் ஒருவரை நண்பன் என்று சொன்னது பெரிய விஷயம்தான். அதைச் சொல்லித்தான் நான் உன்னைக் கவிழ்த்தேன் என்பதும் உண்மைதான். உன் குரலை மனசுக்குள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி.

ஆடியில் நீ மனைவி, கைக்குழந்தையோடு கோடியக்கரைப் பக்கம் உன் மச்சான் இருந்த உப்பளத்துக்குப் போய்விட்டாய். நான் படித்து, வாத்தியாராகி, உன்னைக் கவிழ்த்த பாடத்தையே வருடா வருடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மேனேஜ்மென்ட் கல்லூரியில் அதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பல வருடம் கழித்து, உப்புத் தொழிலைக் காட்டுவதற்காக மாணவர்களை அங்கே அழைத்து வந்தபோது உன்னைப் பார்த்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாய். கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாய். கை சொரசொரவென்று இருந்தது. அப்பா போனதைச் சொன்னதும் வருத்தப்பட்டாய். நடித்ததாகத் தெரியவில்லை. பிறகு குடிசைக்குள் போய் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தாய். உப்பள முதலாளி உனக்கு ஒரு பாத்தியைக் குத்தகைக்குத் தருவதாக எழுதியிருந்தது.

"படிச்சுட்டுச் சொல்லுங்க. கையெழுத்து போடவா, வேணாமா?"

படித்தேன். முன்மொழிவு இது, மறுபயன் இது, முறித்துக்கொள்ளும் உரிமை இது என்று முழு வகுப்பே எடுத்தேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் கேட்டாய்: "போடவா, வேணாமா?"

"ஒரு வக்கீலைக் கேட்டுக்கோயேன்."

"வக்கீலு சட்டத்தைச் சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க."

"உன் இஷ்டம்டா," என்றேன். நீ பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு டீ வாங்கிவர ஆளை அனுப்பினாய். போட்டாயா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் 'உன் இஷ்டம்' என்று சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் மனைவிகூட எரிந்து விழுவாள்: "உங்களைக் கேக்கறதுக்குச் செவுத்தைக் கேக்கலாம்."

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று காலை உன் மகள் மறுபடியும் போன் செய்தாள்.

"சார், அப்பா பேர்ல இருக்கற பாத்தியை நாங்களே மனசார விட்டுக்குடுக்கறதா எழுதிக் கொண்டாந்திருக்காங்க. இன்னிக்கே கையெழுத்து வேணுமாம். முதலாளி ஆளு வாசல்லயே நிக்கறாங்க. எந்தப் பேப்பர் வந்தாலும் உங்களைக் கேக்காம போடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க."

"எப்போம்மா சொன்னான்?"

"எப்பவும்தான் சார் சொல்லுவாங்க."

உனக்கு என்னடா பைத்தியமா? என் பேச்சைக் கேட்டு நிலத்தை விட்டவன், பெற்ற மகளையும் என்னிடமே கேட்கச் சொல்வானா? இது நம்பிக்கையா, தண்டனையா? உப்புப் பாத்திக் குத்தகை வாரிசுக்கு வருமா, பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லலாமா என்று படித்ததெல்லாம் தலைக்குள் முட்டிக்கொண்டது. நாக்கு நுனிவரை 'உன் இஷ்டம்' வந்துவிட்டது.

"சார்? போடவா, வேணாமா?"

"போடாதேம்மா."

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு. இப்பவே பஸ் ஏறி வரேன்."

வேதாரண்யம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் சொன்னது சட்டப்படி சரியா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. தப்பாகப் போய் யாராவது விசாரிக்க வந்தால், இந்த முறை உன் மகள் பக்கத்தில் நின்று பதில் சொல்வேன்.