பாதிக் கோழி

என்னங்க,

நீங்கள் அனுப்பிய கோழிப் படப் புத்தகம் வந்தது. குட்டி ஒரே நாளில் எல்லாப் பக்கத்துக்கும் வண்ணம் தீட்டிவிட்டாள். கோழிக்குக் கத்தரிப்பூ நிறம்தான் வேண்டுமாம். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு கோழிக்கும் வலது பாதியில் மட்டும்தான் வண்ணம். இடது பாதி வெள்ளையாகக் கிடந்தது. சோம்பேறி என்று திட்டிவிட்டேன். "முழுசாத்தானேம்மா அடிச்சிருக்கேன்" என்று அழுதாள். காகிதத் தட்டில் கோழி செய்யச் சொன்னேன். இரண்டு இறக்கையையும் வலப்பக்கமே ஒட்டினாள்.

புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். "அட, இத விட்டுட்டேனே" என்று மீதியை அழகாக முடித்தாள்.

குட்டி ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் தலையில் வெறும் வீக்கம்தான் என்று போன மாதம் உங்களிடம் சொன்னேன். வீக்கம் வடிந்துவிட்டது.

இன்று அவளை டாக்டரிடம் காட்டினேன். நாளைக் காலை தலையைப் படம் எடுக்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால், "இவங்க அப்பா எப்ப வருவாரு?" என்று இரண்டு முறை கேட்டார்.

போனில் பேசினால் அவள் காதில் விழும். அதனால்தான் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்துதான் எழுதுகிறேன். "அம்மா, எங்க போயிட்ட?" என்று கூப்பிடுகிறாள்.

உடனே புறப்பட்டு வாருங்கள். வந்ததும் அவளுக்கு வலப்பக்கமாக நில்லுங்கள்.

உங்களவள்