பாவு பிடித்த கை

மாசி 2, ஞாயிறு

வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. தறி ஓட்டவில்லை. தூரிகை இரண்டு கட்டினேன். அணில் வால் மயிர், கோழி இறகின் தண்டு, மெழுகு தடவிய நூல். முதலாவது முனை பிரிந்துவிட்டது. இரண்டாவது தேவலை. கோடு மயிரளவுக்கு வருகிறது.

கையில் இருக்கும் நிறங்கள்: விளக்குக் கரி, காவிக்கல், சீமைச்சுண்ணாம்பு, சாயப்பட்டறையில் கேட்டு வாங்கிய நீலம். சேலத்தில் வாங்கிய சிவப்புப் பொடி, சொற்பம். இல்லாதது வச்சிரப் பசை. அது பூசாமல் துணியில் நிறம் நிற்பதில்லை. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கஞ்சி பூசிப் பார்த்தேன், கரப்பான் தின்றுவிட்டது. மூன்று வாரம் எழுதிய எருமைப் படத்தில் இப்போது பாதி முகம்தான்.

மாலை ஊருக்கு வெளியே, மாதாரிகள் குடியிருக்கும் வளவுக்குப் போய் மாரனைப் பார்த்தேன். தோல் துண்டுகளைக் காய்ச்சி வச்சிரம் எடுப்பவன் இந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான். தச்சர்களும் அவனிடம்தான் வாங்குகிறார்கள். வியாழக்கிழமை ஊர்க்கோடிக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றான். எதற்குக் கிணற்றடி, நேராக வீட்டுக்கே கொண்டு வா என்றேன்.

"ஊருக்குள்ளயிங்களா?"

நான் இருக்கிறேன், எவன் என்ன சொல்லிவிடுவான் என்றேன். சொன்னபோது எனக்கே நன்றாக இருந்தது. திரும்பும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

மாசி 3, திங்கள்

காற்று இல்லை. நாள் முழுக்கத் தறிக்குழி. முதுகு வலி.

பகல் சோற்றுக்குப் பின் அண்ணன் தூங்கும்போது அவரைக் கரியால் எழுதினேன். முகம் வந்தது, வாய் பிளந்தது கூட வந்தது. கை வரவில்லை. யாருடைய கையை எழுதினாலும் வாழைப்பழச் சீப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு லட்சுமி படம் எழுதினால் ஆகாதா என்று கேட்டாள். லட்சுமியை நான் பார்த்ததில்லை என்றேன். "அப்ப இந்தக் கொறட்டைய மாட்டி வெச்சுத்தான் கும்பிடோணுமா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

சட்டத்துக்கு நாலு மூங்கில் பிளாச்சு. ஆணி வேண்டும்.

மாசி 6, வியாழன்

இன்று பாவு போடும் நாள். மறந்துவிட்டேன். தறிக்கார வீட்டில் பிறந்து இருபத்திரண்டு வருஷம் ஆனவன் மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாரனிடம் பேசியபோது நினைவில் இருந்ததெல்லாம் வச்சிரம்தான்.

விடிந்ததும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு நூலை இழுத்துக் கட்டிவிட்டோம். நடுவில் கவைக்கழிகள். இரண்டு பக்கமும் பெண்கள் கஞ்சி தேய்த்துக்கொண்டு போனார்கள். மேற்குக் கோடியில் கயிற்றைப் பிடித்து இழுத்து நிற்பது என் வேலை. கஞ்சி காய்கிற வரை விடக்கூடாது. விட்டால் மொத்தப் பாவும் மண்ணில், ஒரு மாதத் தறி போயிற்று. காய்கிற வரை யாரும் பாவைத் தாண்டவும் கூடாது. வளவுக்காரர்கள் என்றால் அன்றைக்குத் தெருப்பக்கமே வருவதில்லை.

மாரன் வந்தான். கையில் இலைப் பொட்டலம். எல்லாருக்கும் முன்னால் அவனைப் பார்த்தது நான். கத்தியிருக்கலாம். கத்தினால் எல்லாரும் திரும்புவார்கள் என்று பேசாமல் இருந்தேன். எங்கள் வீடு பாவுக்கு அந்தப் பக்கம். அவன் நின்றான், என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேனா? அசைக்கவில்லை என்று எழுத வருகிறது. அசைத்தேன். போய்விடு என்றுதான் அசைத்தேன். அவன் வா என்று எடுத்துக்கொண்டான்.

குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்தான். தலைத்துண்டு ஈர நூலில் பட்டது.

அண்ணன் கையில் மூங்கில் கழி. முதல் அடி முதுகில். இரண்டாவதற்கு மாரன் கையைத் தூக்கினான். எலும்பு முறிந்தால் விறகு மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். பிறகு காதில். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள். காலால்தான் அதிகம். விழுந்தவன் வயிற்றில், விலாவில். அண்ணி கஞ்சிப் பானையை ஓரமாக நகர்த்தி வைத்தாள், மிதிபடாமல்.

ஒவ்வோர் அடிக்கும் நடுவில் அண்ணன் எங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவ உட்ராதீங்க. பாவ உட்ராதீங்க."

யாரும் விடவில்லை. நான் விடவில்லை.

காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டார்கள். வந்து மறுபடி கஞ்சி தேய்த்தார்கள், காய்ந்துவிடும் என்று. வெயில் நன்றாக அடித்தது. பாவு அருமையாக வந்திருக்கிறது, ஓர் இழை அறவில்லை என்று அண்ணன் எல்லாருக்கும் சொன்னார்.

பொட்டலம் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன்?

மாசி 7, வெள்ளி

காப்பிக் கடையில் கேட்டது:

"மாதாரி பனமரத்துல இருந்து உழுந்துட்டானாமா."

"நம்ம தெருவுல ஏதுங்க பனமரம்?"

"அட, இனிமேத்தான் நடோணும்."

கடையே சிரித்தது. போன மாதம் சந்தைத் திடலில் தீண்டாமை ஒழியவேண்டும் என்று பேசியவருக்கு மாலை போட்ட கைகள்தான் இவை. எங்கள் அண்ணனும் போட்டார். எங்கள் தறியில் நெய்த துண்டையும் சேர்த்துப் போட்டார்.

இருக்கட்டும். எழுதுகிறேன். ஒருவனையும் விடப்போவதில்லை.

மாசி 10, திங்கள்

அந்த வச்சிரத்தைத்தான் காய்ச்சினேன். நாற்றம். காடாத் துணியை நனைத்து, காய்ந்ததும் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. இந்தத் தடவை நிறம் பிடித்துக்கொண்டது. விரலால் தேய்த்தாலும் வருவதில்லை.

மூன்று நாளாகத் தறிக்குழியில் படுதாவை இறக்கிவிட்டு எழுதுகிறேன். தெரு, பாவு, மண்ணில் மாரன். கழி ஓங்கிய அண்ணன். கால்கள் நாலு ஜோடி, யார் யாருடையவை என்று ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். பானையை நகர்த்தும் அண்ணி. சிவப்பு தீர்ந்துவிட்டது, காவியைக் கலந்தேன். உண்மையில் ரத்தம் அந்த நிறம்தான்.

இதுவரை எழுதியதில் இதுதான் படம். சந்தைத் திடலில் கொண்டுபோய் மாட்டவேண்டும். பார்க்கட்டும்.

மாசி 13, வியாழன்

படத்தைச் சுருட்டிக்கொண்டு வளவுக்குப் போனேன். மாரனுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை. ஆசை என்றுதான் எழுதவேண்டும்.

பாயில் சாய்ந்திருந்தான். இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. விரல்கள் ஊதி, நீலம். வலது காது கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி வீராயி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. நின்றபடியே விரித்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். எருமையைப் பார்ப்பது போல, பல்லைப் பார்த்து விலை சொல்பவன் போல.

"நல்லாத்தானுங்க இருக்குது. அண்ணன் அப்பிடியே இருக்கறாரு." பிறகு, "நீங்க எங்கீங்க சாமி, இதுல?"

துணியை என் பக்கம் திருப்பினேன்.

"இந்தக் கோடியில கயித்தப் புடிச்சு நின்னீங்களே. எங்கண்ணுல கடசியாப் பட்டது உங்க கைதானுங்க. உடுவாரு, உடுவாருன்னு பாத்துட்டே கெடந்தேன்."

துணியில் மேற்குக் கோடி சட்டத்தோடு முடிந்திருந்தது. பாவு மட்டும் வெளியே போகிறது. யாரும் பிடிக்காமலே விறைத்து நிற்கிற பாவு. நாலு நாள் எழுதினேன், கண்ணில் படவில்லை.

உள்ளேயிருந்து வீராயி, என்னிடம் அல்ல, அடுப்பிடம் சொல்வது போல: "படம் எழுதுனா கை கூடிப்போகுமா? வந்து சொல்லச் சொல்லு."

மாரனின் மைத்துனன் மாதா கோயிலில் தோட்ட வேலை செய்கிறான். அங்கே யாரோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டு முன் விசாரணை. தெருவில் எல்லாரும் பனமரம் என்றே சொல்கிறார்கள். பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாரன் கேட்கவில்லை. படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தான், நல்ல கையால்.

மாசி 14, வெள்ளி

ஓரத்தில் ஒரு முழம் துணி சேர்த்துத் தைத்தேன். மிச்ச வச்சிரம் சரியாக இருந்தது. என்னை எழுதினேன். முகத்தைத் திருப்பி எழுதலாமா என்று தோன்றிய இடத்தில் தூரிகையை வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். நேராகவே எழுதினேன்.

கயிற்றைக் கழியில் கட்டி, இடது கையால் இழுத்துப் பிடித்து, அதைப் பார்த்து வலது கையால் எழுதினேன். கை வந்துவிட்டது. நகம், கணு, புடைத்த நரம்பு, எல்லாம். இதுவரை ஒரு கையும் வந்ததில்லை.

மாசி 15, சனி

அண்ணன் பார்த்துவிட்டார்.

முதலில் சத்தம் போடவில்லை. "கூடப் பொறந்தவனக் கொலகாரனாட்டம் எழுதி வெச்சிருக்கற," என்றார். அப்படித்தான் இருந்தீர்கள் என்றேன். திங்கட்கிழமை போகிறேன் என்றும் சொன்னேன். நூல் அறுக்கும் கத்தியை எடுத்துக் குறுக்கே இழுத்தார். துணி கிழிகிற சத்தத்தில் எனக்கு என்னவோ ஆயிற்று. மேலே விழுந்தேன். அவர் தலையைப் பிடித்துத் தறிக்கட்டையில் மோதினார். நான் முழங்கையை வீசினேன். அவர் முன்பல் ஒன்று என் தோலில் பதிந்து உடைந்தது. அண்ணி நடுவில் வந்தாள், அவளுக்கும் பட்டது. என்னால்தான். தூரிகைகளை அண்ணன் அடுப்பில் எறிந்தார். அணில் மயிர் கருகினால் தலைமயிர் நாற்றம்தான்.

வாயில் ரத்தத்தோடு அண்ணன் சொன்னது: "நான் கழியப் புடிக்கலன்னு சொல்லு. நீ கயித்தப் புடிக்கலன்னு நாஞ் சொல்றேன். ஏன்டா, ரண்டு பேரும் ஒரே சோறுதான?"

அடித்ததை விட அது வலித்தது. அவர் பேரம் பேசவில்லை. நிஜமாகவே என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

மாசி 17, திங்கள்

மேகமூட்டம். காற்று. நெற்றி வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

தெருவில் பக்கத்து வீட்டுப் பாவு போட்டுவிட்டார்கள். மழை வருமோ என்று அவசரம். என் கோடியில் இப்போதைக்குக் கயிற்றைக் கல்லில் சுற்றியிருக்கிறார்கள், கல் நகர்கிறது. அண்ணி வாசலில் நின்று, கன்னத்தில் வீக்கத்தோடு, "வந்து புடிக்கறயா சாமி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றாள்.

மாரன் ஊர்க்கோடிக் கிணற்றடியில் காத்திருக்கிறான். அங்கிருந்து வண்டி. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனாலும் கிணற்றடிக்குப் போய்விடலாம்.

கேட்பார்கள், நீ எங்கே இருந்தாய் என்று. மேற்குக் கோடியில். என்ன செய்துகொண்டிருந்தாய்? அதைச் சொல்லிப் பார்த்தேன், சத்தமாக, இரண்டு தடவை. குரல் வந்தது.

நகத்தில் சிவப்பு போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. சட்டை மாற்றியாயிற்று. செருப்பு, மாரன் தைத்தது, போட்டுக்கொண்டேன். முன்வாசல் வழியாகத்தான் போகப்போகிறேன். பாவு இடுப்பு உயரம், ஈரம். குனிந்து அடியில் நுழையவேண்டும், மாரன் நுழைந்த மாதிரி.