ஓடை வரைக்கும்

ஜூலை 8, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. நகராண்மைக் கழக ஆட்கள் நேற்று இயந்திரம் விட்டு எங்கள் இடுகாட்டை மழித்துவிட்டார்கள்.

இந்த இடம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே இங்கே சமாதிக்கு நாங்கள் கல் வைப்பதில்லை. தலைமாட்டில் ஒரு செடி நடுவோம். அந்த வீட்டாருக்கு அந்தச் செடிதான் அடையாளம். ராஜம்மா அக்காவின் கணவருக்குச் செம்பருத்தி. இன்று காலை அக்கா வாளித் தண்ணீரோடு வெறும் செம்மண்ணில் நின்று, "இதுல எது தம்பி எங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டார்.

நேரே கழக அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். "பிளான்ல அது காலி நிலம்தான் அண்ணே," என்றாள் முகப்பில் இருந்த பெண்.

"காலி நிலமா? எங்க ஆளுங்க படுத்திருக்காங்கம்மா அங்க!"

அவள் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினாள். "நீங்க கொடுத்த புகார்தான் லா இது."

என் கையெழுத்தேதான். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் முத்திரை வேறு. தாமான் குடியிருப்புக்குள் பாம்பு வருகிறது, சாலையிலிருந்து ஓடை வரைக்கும் புதரை வெட்டுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நடுவில் இடுகாடு இருப்பதை எழுதவில்லை. அதுகூடவா அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன், முட்டாள்.

திரும்பி வந்து அக்காவிடம் கழகத்தைத் திட்டித் தீர்த்தேன். கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீதான் தம்பி நல்லா எழுதுவ. அவனுங்களுக்கு உறைக்கிற மாதிரி ஒரு கடுதாசி எழுது."