உன்னிடம் உள்ள பாதி

படுவான்கரை,
03.10.1996

அன்புள்ள பாக்கியராசாவுக்கு,

அன்புள்ள என்று போட்டது பழக்கத்தில். நீ லண்டனுக்குப் போய் ஆறு வருடம். முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதுவும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதால் கோபத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு விஷயத்தை முதலில் எழுதுகிறேன். நல்லரத்தினத்தை ஆமி பிடித்துவிட்டது. இன்றோடு பதினொரு நாள். உன்னுடைய ஒரு கடிதம் அவனை வெளியே எடுக்கலாம்.

வெளிவாரிப் பட்டத்துக்கு நாம் மூன்று பேரும் ஒன்றாகப் பதிந்தது உனக்கு மறந்திராது. நாங்கள் இரண்டு பேரும் இன்னமும் அதே பாடத்தோடுதான் மாரடிக்கிறோம்: றொமான்டிக் காலம் முதல் நவீன காலம் வரையான பிரித்தானிய இலக்கியம். இரண்டு முறை தவறிவிட்டோம். இந்த முறைதான் கடைசி. பரீட்சை விண்ணப்பத்தைப் பட்டினத்தில் தபாலில் போட நல்லரத்தினம் புறப்பட்டான். துறையில் இப்போது ஆமியின் சோதனை. அந்த வரிசையை நீ பார்த்ததில்லை. காலையில் போய் நின்றால் மத்தியானம்தான் படகு. "சும்மா நிக்கிற நேரத்தில படிப்பம், தா மச்சான்" என்று என் குறிப்புத் தாள்களில் நாலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதில் இருந்தது ஏரிக்கரையில் பொழுது சாய்வதைப் பற்றிய ஒரு கவிதை. அழுத்தமான அசைக்கு மேலே சாய்கோடு, மற்றதற்குச் சிறு வளைவு, வரி முடிவில் சீர்களின் எண்ணிக்கை. அந்த முறையை எங்களுக்குக் காட்டித் தந்தவன் நீ. விரலால் தட்டாமல் நல்லரத்தினத்துக்கு ஒரு வரியும் படிக்க வராது, தெரியுந்தானே. வரிசையில் நின்று முணுமுணுத்தபடி உள்ளங்கையில் தட்டியிருக்கிறான். சிப்பாய் தாளைப் பிடுங்கிவிட்டான். படகு, கரை, அந்தி என்று சொற்கள். மேலே கோடும் வளைவும். ஓரத்தில் ஐந்து, ஐந்து, நாலு. வாவிக் கரையில் துவக்கோடு நிற்பவன் அதைக் கவிதை என்றா நினைப்பான்? அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியுமாம். விளக்கச் சொல்லிக் கேட்டாராம். இந்த மடையன் மேசையில் தட்டித் தட்டி விளக்கியிருக்கிறான், தந்தி அடிக்கிற மாதிரி.

இவ்வளவும் துறையில் இருக்கும் ஆமி முகாமுக்குப் போய்வரும் சேர்ச் பாதர் சொன்னது. இதை யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் கூட்டாளி, பெயர் பாக்கியராசா என்று சொல்லியிருக்கிறான். அடித்த பிறகும் அதையேதான் சொன்னானாம். அப்படியானால் அந்த ஆளே எழுதி அனுப்பட்டும், ஒக்டோபர் முடியும்வரை பார்ப்போம், பிறகு தெற்கே அனுப்பிவிடுவோம் என்று அதிகாரி பாதரிடம் சொல்லியிருக்கிறார். தெற்கே அனுப்பப்பட்ட எவரும் இந்தப் பக்கம் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

அது உன் கையெழுத்து இல்லை. என்னுடையது. உனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தக் கவிதையையே என் எழுத்தில் ஒரு பக்கம் இத்துடன் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சற்றுச் சாயும், பார்த்துப் பழகு. அதே கையெழுத்தில் அந்தக் கவிதையைக் கோடு வளைவுகளோடு எழுதி, இது யாப்புக் கணக்கு, எழுதியவன் நான் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுது. கடவுச்சீட்டு இலக்கத்தையும் போடு. பாதரின் கொழும்பு முகவரி பின்பக்கத்தில். பழகிய பின் இந்தக் கடிதத்தையும் தாளையும் எரித்துவிடு. இதைப் பாதர் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோகிறார்.

பொய் எழுதக் கூசுகிறதா? காத்தான்குடியில் புத்தகம் கட்டும் அப்துல் கபூரின் கடையில் வைத்து அந்தத் தடித்த பாடப் புத்தகத்தை இரண்டாக வெட்டினோமே, நினைவிருக்கிறதா? மனிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "புத்தகத்த வெட்டுறது பாவம் மாஸ்டர், நான் மாட்டன்" என்று அரை மணித்தியாலம் மறுத்தார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் திருவிழாவில் பாதிகளை மாற்றிக்கொள்வோம் என்று சொன்னவன் நீ. சண்டை தொடங்கிய கிழமையே நவீன காலத்துப் பாதியோடு கொழும்புக்கு ஏறினாய். பிரதி எடுத்து அனுப்பு என்று இரண்டு முறை கெஞ்சினேன். பிரித்தானிய இலக்கியத்தைப் பிரித்தானியாவுக்கே கொண்டுபோன ஒரே ஆள் நீதான்.

எங்களிடம் இருக்கும் பாதியில் மலைகளும் ஏரிகளும் மனதை ஆற்றுகின்றன. பெரிய யுத்தத்துக்குப் பிறகு கவிஞர்கள் நம்பிக்கை இழந்து உடைந்த வரிகளில் எழுதினார்கள் என்று பாடத்திட்டத்தில் ஒரு வசனம் இருக்கிறது. எப்படி உடைந்தார்கள் என்பது உன் பாதியில். இரண்டு முறையும் அந்தக் கேள்விக்குத்தான் வெறுந்தாள் கொடுத்தோம். இப்போது கேட்டால் எழுதுவேன்.

மழை பெய்தும் வயல் வட்டையில் பாதிக்கு மேல் விதைப்பு இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. நல்லரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை தினமும் வருகிறாள். "அந்தத் தாள எழுதினவர் வந்து சொன்னா விட்டிருவாங்களாமே சேர். லண்டன்காரருக்கு எழுதினீங்களா?" என்று நேற்றும் கேட்டாள். எழுதுகிறேன் புள்ள என்றேன். கடிதம் எழுதிக் களைத்துப்போவேன் என்று காய்ந்த செத்தல் மீன் நாலு தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டும் விட்டேன்.

இது உன்னிடம் வர இரண்டு கிழமை, உன் பதில் வர இரண்டு கிழமை. ஒரு நாள் பிந்தினாலும் மாதம் முடிந்துவிடும். அவனை வைத்திருக்கும் முகாம் என் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், பாக்கியராசா. பாதரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். தினமும் காலையில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறேன். பிறகு சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

உன் பாதியை நீயே வைத்துக்கொள். இனி அதைக் கேட்கமாட்டேன், பழையதைப் பேசவும் மாட்டேன். இந்த நாலு தாளை மட்டும் உன்னுடையது என்று சொல். நீ இருக்கும் இடத்தில் அதற்காக உன்னை யாரும் அடிக்கப்போவதில்லை. மாமாங்கேசுவரர் உன்னையும் பிள்ளைகளையும் சுகமாக வைத்திருக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே எழுது. நாளைக்கு என்று வைக்காதே. அப்படி வைக்கிறவன் இங்கே ஒருவன் இருக்கிறான், அவனே போதும்.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
கனகசூரியம்