பஸ் நிற்காத இடம்

சிட்டு, என் கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? நான் சாப்பிட்டேன், தூங்கினேன், மாத்திரை போட்டேன், நீ கேட்கப் போவதற்கெல்லாம் முதலிலேயே பதில் சொல்லிவிட்டேன், இனி நான் சொல்வதைக் கேள். போனில் சொன்னால் நடுவில் நான் அழுவேன், கூடவே நீயும் ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா மேடை ஏறிவிட்டாள். சிரிக்காதே, நிஜம்.

மாடி வீட்டுச் சுருட்டை இருக்கிறாளே, பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள், அவள் கவிதை எழுதுகிறாளாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்று, அப்பா போனதிலேருந்து நீங்க பால் வாங்க மட்டும்தான் வாசலைத் தாண்டுறீங்க, இன்னைக்கு நான் படிக்கிறதக் கேட்டே ஆகணும், கிளம்புங்கம்மா என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு ஹால், புது வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைக்கிறது. வாசலில் ஒரு பெண் பேர் கேட்டாள். அப்பாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பேரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே பழகிவிட்டதில்லையா, எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நல்ல கூத்து போ. ஒரு எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டி மேல் காதல் கவிதை சொல்கிறார், பாதியில் மறந்துபோச்சு, முன் வரிசையில் இருந்த அந்த அம்மாவே அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிறாள், அதுவும் அலுத்துக்கொண்டு. பிடித்திருந்தால் இங்கே கைதட்ட மாட்டார்களாம், விரலைச் சொடுக்குகிறார்கள், நான் யாருடைய நாய்க்குட்டியோ காணோம் போல என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நம்ம சுருட்டை, வெட்டி விழுந்த முடியைக் கூட்டிப் பெருக்குவதைப் பற்றிப் படித்தாள், நானே விரலைச் சொடுக்கப் பார்த்தேன், சத்தம்தான் வரவில்லை.

அப்புறம் என் பேரைக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று முன்னால் போய்விட்டேன், கொஞ்சம் அசந்தால் அடுத்த ஆளை உள்ளே விட்டுவிடுவார்களே. போனால் டாக்டர் இல்லை, மைக் நிற்கிறது. சுருட்டை ஓடி வந்து, ஐயோ அம்மா, அது கவிதை சொல்றவங்க குடுக்கிற பேரு, எறங்கி வாங்க என்றாள். பின்னாலிருந்து யாரோ, வந்தது வந்துட்டீங்க, ஏதாவது சொல்லிட்டுப் போங்கம்மா என்றார். எனக்கு என்ன தெரியும்? அப்பா முகம் கண்ணுக்கு வருது, குரல் மட்டும் காதுக்கு வரமாட்டேங்குது, மறந்துகிட்டே இருக்கேன் என்று போன வாரம் உன்னிடம் அழுதேனே. அத்தனை வருஷம் கண்டக்டராக இருந்த மனுஷன் குளிக்கும்போதும் தூக்கத்திலும் சொன்னது ஒன்றுதான் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். மார்க்கெட்டெல்லாம் எறங்கு, படியில நிக்காத ராசா, பெரியாஸ்பத்திரி பெரியாஸ்பத்திரி, அவசரமில்ல தாயி மெதுவா எறங்கு, தண்ணி டேங்க், சினிமா கொட்டகை, மில் கேட். அந்த இழுவை, அந்தக் கரகரப்பு, கடைசியில் ஒரு செருமல், எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்றே தெரியவில்லை சிட்டு, அப்படியே அப்பா. அவர் வண்டியில் போனவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள் போல, மில் கேட் என்றதும் சேர்ந்து ரைட் என்று கத்தினார்கள். விரல் சொடுக்கவில்லை, நன்றாகக் கையையே தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் ஒரு தையல்காரர் வந்து, கொட்டகையை இடிச்சு எத்தனையோ வருஷமாச்சே, அங்க வண்டியே நிக்காதே, அதையும் ஏம்மா சொன்னீங்க என்றார். அப்பா அதை விடாமல் சொல்வார், அந்த ஒரு பேரை மட்டும் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. என் வாயிலும் மெதுவாகத்தான் வந்தது. வேறு ஆள் குரல் கேட்க வேண்டுமே என்று இத்தனை மாதம் ஏறாத அப்பாவோட பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தோம். புதுக் கண்டக்டர் ஸ்டாப் பேரை முணுமுணுக்கிறான். தம்பி, பின்னாடி கேக்கலை, வாயைத் திறந்து சொல்லு என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, குளிர் மண்டையில் இறங்கிவிடும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் சிரித்துக்கொண்டு இருங்கள், அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மைக் பிடித்த உன் அம்மா.

அப்புறம் ஒன்று, ராத்திரியெல்லாம் இதே யோசனை. வண்டியும் நிற்காது, இறங்கவும் ஆளில்லை, அந்த இடத்தில் உன் அப்பா யாரை நினைத்து அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் சிட்டு?